வைகை மண் ஏறிய மேடைகள்

தாளக் கலைஞர்களின் வரலாறு நம் மொழியில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. பாடகர்களுக்கு வாழ்க்கை வரலாற்று நூல்கள் உண்டு. நாகசுர மேதைகளுக்கு நினைவு மலர்கள் உண்டு. மிருதங்கம் வாசித்தவருக்கு அந்நூல்களில் ஒரு பத்தி கிடைக்கும். கடம் வாசித்தவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்தக் கடத்தை வனைந்து தந்தவருக்கோ அந்த ஒரு வரியும் இல்லை. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், வைகைக் கரையில் உள்ள மானாமதுரையில் வனையப்படும் கடம், அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்றின் தாளக் கலைஞரோடு சரிநிகராக அமர்ந்து ஒலித்த கதை நம் வட்டாரத்தின் இசை வரலாற்றில் சேரவேண்டிய ஒன்று. அதை அங்குக் கொண்டு சென்றவர் விக்கு விநாயக்ராம் எனப்படும் டி.எச்.விநாயக்ராம். அவருடைய கலைப்பயணத்தையும், அவர் கையில் ஏறிய மண்ணையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக் கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என வகுத்தனர் நம் முன்னோர். கடத்தை இவற்றுள் எதில் அடக்குவது? தோல் போர்த்தப்படாததால் அது தோற்கருவி ஆகாது. வெண்கலத்தால் வார்க்கப்படாததால் கஞ்சக்கருவி என்பதற்கும் முழுதும் பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தோற்கருவிகளின் நீண்ட பட்டியலில் குடமுழாவைக் குறிக்கிறார். ஆயினும் அது வாய்க்குத் தோல் கட்டிய குடம். அக்காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைத் தனியே வகுத்துச் சொல்கிறது. வெறும் மண்குடத்தைத் தட்டுபவனுக்கு அங்கே இடமில்லை. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர் இருப்பார். அவர் அரங்கின் ஓரத்தில் இருந்தாலும் அவரின்றிப் பாட்டு நடக்காது. கடத்துக்குச் சாத்திரத்தில் கிடைக்காத இடத்தைச் சிற்றூர்க் கோயில் கொடைகள் குடத்துக்குக் கொடுத்திருந்தன என்று கொள்ளலாம்.

குயவரை விளித்துப் பாடுவது நம் கவிதையில் மிகப் பழைய வழக்கு. புறநானூற்றில் இரு பாடல்கள் கலம் வனைவோனை நோக்கிப் பேசுகின்றன. இரண்டும் இறந்தோரை இடும் தாழியைப் பற்றியவை. கடுவெளிச் சித்தரின் புகழ்பெற்ற பாட்டிலும் குயவனிடம் வேண்டிப் பெற்ற தோண்டி உடைந்து போவதற்காகவே வருகிறது. தாழி புதைவது, தோண்டி உடைவது. இசைக்கும் கலத்தைச் செய்து தா என்று குயவரிடம் கேட்ட கவிஞர் ஒருவரை நான் படித்ததில்லை. நம் வட்டத்துக் கவிஞர் யாரேனும் அக்குறையைத் தீர்க்கலாம்.

மானாமதுரையில் இத்தொழில் செய்வோர் வேளார் மரபினர். பாண்டி நாட்டுச் சமவெளியில் ஐயனார் கோயில்களுக்குப் புரவி செய்வோரும், பல ஊர்களில் அக்கோயில்களில் பூசை செய்வோரும் அவர்களே. பானை, அடுப்பு, கூசா, கார்த்திகை விளக்கு என்று அன்றாடப் பண்டங்களை வனையும் அதே சக்கரத்தில்தான் கடமும் பிறக்கிறது. மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில், சிலைமானை அடுத்த கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்ததை அன்பர்கள் அறிவர். இந்த ஆற்றங்கரையில் மண்ணைக் கையாளத் தெரிந்தவர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

கடம் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தண்ணீர்ப் பானைக்குச் சுவர் மெல்லியதாக இருந்தால் போதும். நீர் கசிந்து குளிர்வதற்கு அதுவே நல்லது. கடத்தின் சுவரோ கனமாக இருக்கவேண்டும். எங்குத் தட்டினாலும் ஒரே நாதம் பேசவேண்டுமானால் அக்கனம் எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் இருக்கவேண்டும். சுற்றியுள்ள கண்மாய்கள் பலவற்றிலிருந்து எடுத்த களிமண்ணை ஒன்றாகக் கலந்து, வைகையின் நுண்மணலைச் சேர்த்து, மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். சக்கரத்தில் உருவம் எழுந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. ஈரம் சற்று வாடியதும், உட்புறம் ஒரு கல்லை அணைகொடுத்துப் பிடித்து, வெளிப்புறம் மரத்தட்டால் தட்டுகிறார்கள். நூறு இருநூறு தட்டு அன்று, ஆயிரக்கணக்கில் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டிலும் மண் இறுகுகிறது, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது, சுவர் சீராகிறது. காயவைத்துத் தட்டி, மீண்டும் காயவைத்துத் தட்டி, நிழலில் நாள்கணக்கில் உலர்த்திய பிறகே சூளையில் அடுக்குகிறார்கள்.

நெருப்பில் வெந்த பின் கடத்தின் சுருதியை மாற்ற இயலாது. மிருதங்கத்தைக் கல்லாலும் கட்டையாலும் தட்டிச் சுருதி கூட்டலாம்; வீணையின் பிரடையைத் திருகலாம். கடத்துக்கோ உள்ளே களிமண் போன்ற பொருளைச் சிறிது அப்பி ஓரிழை இறக்கலாம்; அவ்வளவே. எனவே கட்டை ஒன்றா, ஐந்தா என்பதைக் குயவர் ஈரமண்ணாக இருக்கும்போதே தீர்மானித்தாகவேண்டும். மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். அச்சுருக்கத்தையெல்லாம் கணக்கிட்டு, வாயின் விட்டத்தையும் வயிற்றின் பருமனையும் வைக்கிறார்கள். இசை கற்காத ஒருவர் இதைச் செய்கிறார் என்று வியந்து எழுதுவோர் உண்டு. அது பொருந்தாத வியப்பு. சுருதியை நெருப்புக்கு முன்பே கேட்கத் தெரிந்தவரை இசை கற்காதவர் என்று எப்படிச் சொல்வது? சூளையிலிருந்து வெளிவரும் எல்லாமே கடம் ஆவதுமில்லை. விரலால் சுண்டிப் பார்த்துத் தேறாதவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள்.

சென்னையிலும் கருநாடகத்தின் தேவனஹள்ளியிலும் கடம் செய்யப்படுகிறது. சென்னைக் கடம் எடை குறைந்தது, விரலுக்கு இலகுவானது. மானாமதுரைக் கடம் கனத்தது. உலோகத்தைத் தட்டியது போன்ற கணீரென்ற நாதம் உடையது. ஆனால் பழகாத விரலை நோகச் செய்யும். வலுவான கையுடையோர் அதையே விரும்பிக் கேட்டு வாங்குகின்றனர். விநாயக்ராம் அவர்களுள் முதன்மையானவர்.

ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் வாசிப்பவரை நினைத்துப் பாருங்கள். அவர் முன்னே காலால் உதைத்து ஒலிக்கும் பெருமுரசு, குச்சியால் அடிக்கும் சிறுமுரசுகள், மேலே தொங்கும் வெண்கலத் தட்டுகள் என ஒரு கூட்டமே இருக்கும். கடக்கலைஞர் மடியில் இருப்பது ஒரே பானை. அதன் கழுத்தில் நகத்தால் தட்டினால் தட்டின் கூரிய ஒலி. நடுவயிற்றில் விரல்களால் வாசித்தால் சிறுமுரசின் சொற்கள். வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் உள்ளங்கையால் தட்டும்போது பெருமுரசின் கும்கி. வாசிப்பவரின் உடலே கருவியின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. பிற்காலத்தில் மேலைநாட்டு டிரம்ஸ் கலைஞர்கள் விநாயக்ராமைக் கண்டு திகைத்ததற்கு இதுவே காரணம்.

ஆனால் நம் ஊர்க் கச்சேரி மேடையில் இந்தக் கருவிக்கு இருந்த இடம் வேறு. மிருதங்கம் பக்கவாத்தியம்; கடம், கஞ்சிரா, முகர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியம். பெயரிலேயே படிநிலை தெரிகிறது. மிருதங்கம் வாசிக்காத இடத்தில் கடம் வாசிக்கவேண்டும், மிருதங்கம் காட்டிய வழியை மீறலாகாது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்துக்குப் பின் வந்து அது முடிக்கும்போது உடன்சேர்ந்து முடிக்கவேண்டும். அந்தத் தனி ஆவர்த்தனமும் அவையோரில் ஒரு பகுதியினர் காபி குடிக்க எழுந்து செல்லும் நேரம். மிருதங்கத்துக்கே மதிப்புத் தாமதமாகத்தான் வந்தது. பாலக்காடு மணி ஐயருக்கு 1966இல் கிடைக்கும் வரை மிருதங்கக் கலைஞர் எவருக்கும் சங்கீத கலாநிதிப் பட்டம் அளிக்கப்பட்டதில்லை. பழனி கிருஷ்ணையர், உமையாள்புரம் கோதண்டராமையர், ஆலங்குடி இராமச்சந்திரன், வில்வாத்ரி ஐயர் போன்ற கட மேதைகள் இந்தப் படிநிலைக்குள்ளிருந்தே அக்கருவிக்கு இலக்கணம் வகுத்தனர். அவர்களைப் பற்றிய தனி நூல்கள் வந்திருக்கவேண்டும்.

விநாயக்ராம் 1942இல் சென்னையில் பிறந்தார். தந்தை டி.ஆர்.ஹரிஹர சர்மா தாளக்கலை ஆசிரியர். 1958இல் சென்னையில் ஸ்ரீ ஜயகணேஷ் தாள வாத்திய வித்யாலயத்தைத் தொடங்கியவர். தாளக்கருவிகளுக்கென்றே நடத்தப்பட்ட அப்பள்ளி அக்காலத்தில் அரிய முயற்சி. மகன் அதற்கு முன்பே, பதின்மூன்று வயதில், தூத்துக்குடியில் இராமநவமி விழாவில் வி.வி.சடகோபன் கச்சேரிக்கு வாசித்து அரங்கேறிவிட்டார். செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் என்று அக்காலப் பெரும் பாடகர் பலருக்கும் அவர் வாசித்தார். நம் நகரில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது மிருதங்கம் டி.கே.மூர்த்தி, கடம் விநாயக்ராம். அப்போது அவருக்கு வயது 24. உலகின் மிகப் பெரிய அவையில் அமர்ந்தாலும் கடம் அன்றும் உபபக்கவாத்தியமாகவே இருந்தது. இருக்கை மாறுவதற்கு இன்னும் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. அம்மாற்றம் நம் சபாக்களில் நிகழவுமில்லை.

இங்கே மதுரைக்கு நெருங்கிய ஒரு தொடர்பைச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக் கலைஞர்கள் பலர் பாடம் சொல்லி வந்தனர். பாலசரசுவதியின் தம்பியர் டி.ரங்கநாதனும் டி.விசுவநாதனும் அங்கிருந்தனர், இராமநாதபுரம் சகோதரர்களும் சென்றனர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து 1974இல் அங்கு முனைவர் பட்டம் பெற்றவர் எஸ்.இராமநாதன், மதுரை சற்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக விளங்கியவர் என்று சொன்னால் நம்மூர் அன்பர்களுக்கு மேலும் அறிமுகம் தேவையில்லை. அவரிடம் வெஸ்லியனில் வீணை பயின்ற மாணவர்களுள் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிதார் கலைஞர். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவை 1971இல் தொடங்கி, ஜாஸ் இசையையும் ராக் இசையையும் இணைத்து, செவி அதிரும் மின்கிதாரால் புகழ் பெற்றவர். புகழின் உச்சியில் இருந்த அவர், மின்கருவிகளை விலக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஓர் இளம் மாணவனைப் போல வீணைப் பாடம் கேட்டார்.

அவர் எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு சேர்ந்து அமைத்த குழுவே சக்தி. 1975இல் நியூயார்க் மாநிலக் கல்லூரி ஒன்றில் நடந்த அவர்களது நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டு 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் மிருதங்கம் இராம்நாடு இராகவன், கடம் விநாயக்ராம். அடுத்த இசைத்தட்டில் இராகவன் இல்லை. 1976, 1977 ஆண்டுகளில் வந்த இரு தொகுப்புகளிலும் தென்னிந்தியத் தாளம் முழுவதையும் விநாயக்ராம் ஒருவரே தாங்கினார்.

இந்த மாற்றத்தை இசை எழுத்தாளர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகின்றனர். எனக்கு அது முக்கியமானதாகப் படுகிறது. வழிகாட்டும் மிருதங்கம் இல்லாத மேடையில் கடம் முதன்முறையாகத் தானே வழி தேர்ந்துகொள்ளவேண்டிய நிலை வந்தது. எதிரே தபலா, அதன் சொற்கட்டு வேறு, தாளக்கணக்கைப் பகுக்கும் முறை வேறு. ஜாகிர் உசேன் வடநாட்டுச் சொற்களை வாயால் சொல்ல, விநாயக்ராம் கொன்னக்கோலில் மறுமொழி சொல்ல, இருவரும் கருவிக்குத் திரும்புவர். அங்கே யாரும் யாருக்கும் உபபக்கவாத்தியம் இல்லை. ராக் இசைக்குப் பழகிய கூட்டம் கிதாரைக் கேட்க வந்து பானையைக் கேட்டுவிட்டுச் சென்றது. ஒலிபெருக்கியும் இதற்கு உதவியது என்பதை மறைக்கவேண்டியதில்லை. கடத்தின் நுண்ணொலிகள் ஒலிவாங்கி இன்றிப் பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குச் சேரமாட்டா. சக்தி 1978இல் கலைந்தது. வணிக நோக்கில் அது பெரிய வெற்றி அன்று. கலைஞர்கள் நடுவில் அதன் செல்வாக்குக் குறையவே இல்லை.

மிக்கி ஹார்ட் என்பவர் கிரேட்ஃபுல் டெட் என்ற கலிபோர்னிய ராக் குழுவில் 1967இல் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர். அக்குழுவில் இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள். பிற கருவிகள் ஓய்ந்து அவர்கள் இருவர் மட்டுமே நெடுநேரம் வாசிக்கும் பகுதி அவர்களது நிகழ்ச்சிகளில் உண்டு. நம் தனி ஆவர்த்தனத்துக்கு மேலைநாட்டில் ஓர் ஒப்புமை தேடினால் இதைச் சொல்லலாம். வேறுபாடு என்னவெனில் அங்கே கூட்டம் எழுந்து செல்வதில்லை. உலகெங்கும் உள்ள முரசு மரபுகளைத் தேடித் திரிந்த ஹார்ட் 1991இல் பிளானட் டிரம் என்ற தொகுப்பை வெளியிட்டார். நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, நம் நாட்டின் ஜாகிர் உசேன், விநாயக்ராம் ஆகியோர் அதில் ஒன்றுகூடினர். பாட்டுக்குத் தாளம் என்ற நிலை மாறித் தாளமே இசையாக நின்ற தொகுப்பு அது. உலக இசைக்கென்று புதிதாக ஏற்படுத்தப்பட்ட கிராமி விருது 1992 பிப்ரவரியில் முதன்முதலாக அதற்கே வழங்கப்பட்டது.

மேலைநாட்டுக் கூட்டிசையில் ஈடுபட்டு மரபைக் கலப்படம் செய்துவிட்டார்கள் என்று சங்கீத உலகில் ஒரு குறை சொல்வதுண்டு. விநாயக்ராம் செய்ததைக் கேட்டவர் அவ்வாறு சொல்லமாட்டார். அவர் அங்கே வாசித்தது நம் மோராவும் கோர்வையும்தான், கண்டமும் மிசுரமும்தான். மரபு மாறவில்லை, அதைக் கேட்ட முறை மாறியது. வெளிநாட்டு மேடை மதித்த பின் நம் நாட்டு மதிப்புகளும் தொடர்ந்தன: 1988இல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2002இல் பத்மஸ்ரீ, 2014இல் பத்மபூஷண். 1990களின் பிற்பகுதியில் சக்தி மீண்டும் கூடியபோது முதலில் அவரும், பின்னர் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடும் வாசித்தனர். 2024 பிப்ரவரியில் சக்தியின் புதிய தொகுப்பு கிராமி விருது பெற்றபோது மேடையேறிய குழுவில் செல்வகணேஷும் ஒருவர்.

கருவி இவ்வாறு உயர்ந்த காலத்திலும் ஒரு கதவு நெடுநாள் மூடியே இருந்தது. கடம் கற்க விரும்பி வந்த சுகன்யா ராம்கோபாலை, பெண் விரலுக்கு ஒவ்வாத கருவி என்று தயங்காமல் ஏற்றுப் பயிற்றுவித்தவர் முதியவரான ஹரிஹர சர்மா. அப்பெண்மணி கடக்கலைஞராகப் புகழ்பெற்று, பல சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து இராகம் வாசிக்கும் கடதரங்கத்தையும் வளர்த்தெடுத்தார். பெண் வாசிக்கும் கடத்தோடு மேடையேற மறுத்த மிருதங்கக் கலைஞர்களைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெண் கைக்குக் கடம் ஒவ்வாது என்போர் ஒருமுறை மானாமதுரைக்கு வந்திருக்கவேண்டும். அங்கே கடத்தைத் தட்டித் தட்டி இறுக்குவது பெண்களின் வேலை. மேடையில் வாசிப்பவர் வாழ்நாளில் ஒரு கடத்தைத் தட்டுவதற்கு முன், ஈரமாக இருக்கும்போதே அதை ஆயிரக்கணக்கில் தட்டியிருப்பவள் ஒரு பெண். அவ்வாறு தட்டிய மீனாட்சி கேசவன் என்ற மானாமதுரைப் பெண்மணிக்கு 2010களில் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தரும் அதே விருதைக் கருவி செய்பவருக்கும் தந்தது அகாதெமியின் நற்செயல்களுள் ஒன்று.

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. ஆனால் பானை வனையும் குடும்பங்கள் பல இருக்கும் அவ்வூரில் கடம் வனையத் தெரிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. காரணம் எளியது. ஒரு கடத்துக்குச் செலவிடும் நாள்களில் பல பானைகள் செய்துவிடலாம். பானை உடைந்தால் மறுநாள் வேறு வாங்குவார்கள். நல்ல கடமோ ஒருவர் ஆயுள் முழுதும் உழைக்கும். கண்மாய் மண் எடுக்க அனுமதிக்கு அலைவது பல ஆண்டுகளாக இருந்த தொல்லை. 2024இல் வண்டல் மண்ணையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறலாம் என அரசு எளிதாக்கியது. மண் கிடைத்தாலும், பல கண்மாய் மண்ணை எந்த அளவில் கலப்பது என்ற கணக்கு ஏட்டில் இல்லை; கையில்தான் இருக்கிறது.

வைகை மதுரையைக் கடந்து மானாமதுரையை இரு கூறாக்கி, பரமக்குடி வழியே சென்று, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்குகிறது. எம்.எஸ். பிறந்த ஊரும், கடம் வனையும் ஊரும், சக்தியின் முதல் மிருதங்கக்காரர் தம் பெயரில் சுமந்த ஊரும் இந்த ஒரே ஆற்றுப் போக்கில் அமைந்தவை. இன்றும் கடக்கலைஞர்கள் வேண்டிய கட்டையைச் சொல்லி அனுப்பிவிட்டு மானாமதுரைக்கு வருகின்றனர். சூளை பிரித்த கடங்கள் முற்றத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து, கழுத்தில் ஒரு தட்டு, வயிற்றில் ஒரு தட்டு. பொருந்தியது வண்டியேறும், பொருந்தாதது அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.